உரக்கடை டைரி

மார்கழி பிறந்து பத்து நாளிருக்கும். பாசி நெத்துப் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வெயில் ஏறினால் நெத்து வெடித்துச் சிதறிவிடும். அதனால் விடியுமுன் காட்டுக்குப் போய், பத்து மணிக்குள் பறித்து முடித்து, சோறு பொங்கி வைத்துவிட்டு, மினி பஸ் ஏறி விளாத்திகுளம் வந்திருந்தாள் என் தோழி. கையில் ஒரு டைரி. விதையும் பூச்சிமருந்தும் வாங்குகிறவர்களுக்கு உரக்கடைக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது. அட்டையில் பருத்திச் செடி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதோ ஒரு மருந்தின் பெயர்.

“இந்த வருசம் பட்டியலை இதுல எழுதுவோம். ஆனா நான்தான் எழுதுவேன்” என்றாள்.

அந்த ‘நான்தான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வருஷத்துக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரைக்குள் போக முடியாது. நாங்கள் இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். பிறகு நான் கல்லூரிக்குப் போனேன். முனைவர் பட்டம், வேலை, கவிதைத் தொகுப்பு என்று என் பாதை நீண்டது. அவள் எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மானாவாரிக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். நாலு வருஷமாக டிசம்பர் கடைசியில் ஒரு மதியம் சேர்ந்து உட்கார்ந்து, வருகிற ஆண்டில் என்னென்ன படிக்கலாம் என்று எழுதுகிறோம். யோசனை அவளுடையது. எழுதுகிற கை மட்டும் இதுவரை என்னுடையதாக இருந்தது.

போன வருஷப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு வீதம் 24 புத்தகங்கள். அம்பை, ராஜம் கிருஷ்ணன், பாமா, சல்மா, அப்புறம் வர்ஜீனியா வூல்ஃபும் சிமோன் தி பொவ்வாவும் தமிழில். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் இன்றும் நான் நிற்பேன். ஆனால் என் கையெழுத்தில், எண் போட்டு, அடிக்கோடிட்டு இருந்த அந்தத் தாள் அசல் பாடத்திட்டம். அலகு ஒன்று, அலகு இரண்டு என்று தலைப்பு மட்டும்தான் போடவில்லை. டிசம்பரில் கணக்குப் பார்த்தபோது நான் 41 புத்தகம் முடித்திருந்தேன். அவள் ஒன்று.

எனக்கு முகம் மாறியிருக்க வேண்டும். அவள் கேட்டாள்: “ஏ பிள்ள, நீ என்னையப் படிக்க வைக்கணும்னு நினைக்கிற. என்கூடப் படிக்கணும்னு என்னைக்காவது நினைச்சியா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. பெண் வாசிப்பைப் பற்றி மேடைகளில் பேசுகிறவள் நான்.

டிசம்பர், ஜனவரி தமிழ் வாசகர்களுக்குப் பட்டியல் காலம். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. புதிய நூல்கள் அதற்காகவே அச்சாகின்றன. வருஷக் கடைசியில் யார் எத்தனை படித்தார்கள் என்ற அறிவிப்புகள், அட்டைப்படங்களின் அடுக்கு, அடுத்த ஆண்டுக்கு நூறு என்ற சபதம். தமிழ் விமர்சனத்தில் பட்டியல் போடுவது புதிதில்லை. க.நா.சு.வைப் பட்டியல் விமர்சகர் என்றே கேலி செய்தார்கள். அவர் பட்டியல்கள் பலருக்கு வழிகாட்டின என்பதும் உண்மை. எனக்கே வழிகாட்டியிருக்கின்றன. என் தகராறு பட்டியலோடு இல்லை. பட்டியலை நிறைவேற்ற ஒருவருக்கு எத்தனை மணிநேரம் சொந்தமாக இருக்கிறது என்பதைப் பட்டியல் எங்கும் எழுதுவதில்லை.

என் மாணவிகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. “மேடம், வருசத்துக்கு எத்தனை புக் படிக்கணும்?” என்று கேட்கிறார்கள். நெட், செட், டி.ஆர்.பி. என்று மதிப்பெண்ணாகவே வாசிப்பைக் கண்ட பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்டுவிட்டு, விடுதியில் இருப்பவள் 30 என்கிறாள். தினமும் எட்டயபுரத்திலிருந்தும் சூரங்குடியிலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகிறவள் 5 என்கிறாள். 5 என்று சொன்னவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார், தம்பிக்குத் தோசை வார்ப்பது யார் என்பதெல்லாம் அந்த 30க்கும் 5க்கும் நடுவில் இருக்கிறது. குனிகிற தலை அதைச் சொல்லாது.

எண்ணுவதைப் பற்றிப் பேசும்போது கி. ராஜநாராயணனின் ‘கன்னிமை’ எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. நாச்சியாரம்மா என்ற பெண்ணைப் பற்றி முதலில் அவள் அண்ணனும் பிறகு அவள் கணவனும் சொல்கிற கதை. கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்கே அள்ளிக் கொடுக்கிற மனசு அவளுக்கு. அதைப் பார்த்து மயங்கித்தான் அவன் கட்டிக்கொள்கிறான். கல்யாணத்துக்குப் பின் அதே நாச்சியாரம்மா வரவு செலவு எழுதி, காசுக்குக் கணக்குப் பார்க்கிறவளாகிவிடுகிறாள். ‘அவள் எங்கே போனாள்’ என்ற கணவனின் ஏக்கத்தோடு கதை நம்மை விட்டுவிடுகிறது. தமிழின் நல்ல கதைகளில் ஒன்று. பாடம் நடத்தும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

ஆனால் கதையை அண்ணன் சொல்கிறான், கணவன் சொல்கிறான், நாச்சியாரம்மா சொல்வதில்லை. அவள் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதை நாம் கணக்கு நோட்டின் வழியாகவும் தெரிந்துகொள்கிறோம். குமரிப் பெண்ணின் தாராளத்துக்கு அவள் அப்பா வீட்டு வெள்ளாமை பின்னால் இருந்தது. மனைவியின் கணக்குக்குப் பின்னால் ஒரு சம்சாரியின் வரவு மட்டுமே இருக்கிறது. கரிசலில் ஒரு ஐப்பசி மழை பொய்த்தால் அந்த நோட்டில் என்ன ஆகும் என்று கி.ரா.வுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் இழப்பைக் கணவனின் இழப்பாகவே எழுதினார். கல்யாணமான பெண்ணின் கைக்கு வந்த ஒரே புத்தகம் கணக்கு நோட்டு. அதை அவள் ஒழுங்காகப் படித்தாள் என்பதே அவள்மீதான புகார்.

என் தோழியின் வீட்டிலும் அப்படியொரு நோட்டு உண்டு. விதை, உரம், உழவுக்கூலி, பறிப்புக்கூலி, பன்றி அழித்துப்போன மக்காச்சோளம் எத்தனை வரிசை. எல்லாம் அவள் கையெழுத்து.

கரிசல் இலக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு நட்பு இருக்கிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் என்ற சின்ன ஊரில் 1923 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் பிறந்த இருவர், கி.ரா.வும் கு. அழகிரிசாமியும். ஒன்றாகத் திரிந்து, ஒன்றாகப் படித்து, ஒன்றாக இசை கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் ஊரான விளாத்திகுளத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இசைமேதை விளாத்திகுளம் சுவாமிகளிடம் இருவருக்கும் இருந்த பித்து ஊரறிந்தது. அழகிரிசாமி சென்னைக்குப் போனபின் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன. எதைப் படித்தேன், எதைக் கேட்டேன், நீ என்ன எழுதுகிறாய் என்று ஒருவரை ஒருவர் வளர்த்த நட்பு அது. ‘சேர்ந்து படிப்பது’ என்றால் என்ன என்று என் மாணவிகள் கேட்டால் நான் காட்டுகிற முதல் உதாரணம் இதுதான். இடைசெவலைப் போல இரண்டு பேரைத் தந்த கிராமம் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா தெரியாது. இருவருமே சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார்கள். அழகிரிசாமிக்கு 1970இல் அவர் இறந்தபின் ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காக, கி.ரா.வுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக. கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு நினைவரங்கம் கட்டியிருக்கிறது.

மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. அதே இடைசெவலில் 1923இல் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள் சேர்ந்து படிக்க ஆசைப்பட்டிருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்? ஊர் மடத்திலா, டீக்கடை பெஞ்சிலா, கச்சேரி முடிந்து நடு இரவில் திரும்புகிற வண்டிப்பாதையிலா? நட்புக்கு இடம் வேண்டும். கரிசல் எழுத்து கொண்டாடுகிற எல்லா இடமும் ஆண்கள் சும்மா உட்காரக்கூடிய இடம். பெண்கள் சேர்கிற இடங்களில், அதாவது களையெடுப்பில், கிணற்றடியில், தீப்பெட்டி ஆபீசில், கை சும்மா இருக்க முடியாது. கதை சொல்லலாம், பாட்டுப் பாடலாம். புத்தகத்தைப் பிடிக்கக் கை வேண்டுமே.

மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்தேன் என்ற பொருளில் கி.ரா. சொன்னதைச் சிரித்துச் சிரித்து மேற்கோள் காட்டுகிறோம். எனக்கும் பிடிக்கும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு ஆணால்தான் முடியும். என் பாட்டியிடம் யாராவது ‘நீ என்ன படிச்சிருக்க?’ என்று கேட்டால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கி.ரா. வீட்டுக்குப் போய்வந்த எழுத்தாளர்கள் கணவதி அம்மாளின் கைப்பக்குவத்தையும் அன்பையும் எழுதியதைப் படித்திருக்கிறேன். அவர் என்ன படிப்பார் என்று எழுதியதை நான் படித்ததில்லை.

‘அன்பளிப்பு’ கதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். அவரைச் சுற்றி அக்கம்பக்கத்துக் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அவரை எழுப்பி, புத்தகம் எங்கே என்று அறையைப் புரட்டுகிற பட்டாளம். புது வருஷம் வருகிறது, டைரிகள் வருகின்றன. சித்ராவுக்கும் சுந்தரராஜனுக்கும் டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற அமைதியான பையனுக்கு இல்லை. சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். கதை அங்கே முடிகிறது. கேட்டால்தான் கிடைக்கும் அன்பை ஒரு குழந்தை எப்படிக் கேட்டு வாங்குகிறது என்பதில் அழகிரிசாமியின் மேதைமை இருக்கிறது. கொடுக்கிறவருக்குத் தன் தாராளத்தைப் பற்றி ஒரு நிறைவு இருக்கிறது. யார் விடுபட்டார்கள் என்பது அவர் கண்ணில் படவே இல்லை. பதினைந்து வருஷமாக இந்தக் கதையை நடத்துகிறேன். பதினைந்து வருஷமும் சாரங்கனைப் பற்றியே பேசியிருக்கிறேன்.

உரக்கடை டைரியைப் பார்த்ததும் இந்தக் கதையைத் தோழிக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “டைரி குடுத்தாங்களே, அந்தச் சித்ரா அதுல என்ன எழுதுனா?” என்றாள்.

கதையில் அது இல்லை. இருக்க வேண்டும் என்று சொல்லவும் முடியாது, கதை சாரங்கனுடையது. ஆனால் கிடைக்காத பையனின் வலியைப் பேசுகிற அளவுக்குக் கிடைத்த பெண்ணின் பக்கங்களைப் பற்றி நாம் யோசித்ததில்லை. அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகும்போது அந்த டைரி எங்கே போயிருக்கும்? வீட்டுச் செலவுக் கணக்கு எழுதவா? நாச்சியாரம்மாவும் சித்ராவும் ஒரே பெண்ணாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. இடைசெவலின் இரண்டு நண்பர்கள் எழுதிய இரண்டு கதைகளுக்குள் ஒரு பெண் நடந்து போயிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. விசாரித்தவள் ஒரே ஒரு புத்தகம் முடித்தவள்.

பெண்கள் சேர்ந்து படித்ததற்கும் எழுதியதற்கும் தடயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஓரத்தில். வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். கதை சொல்லத் தெரியும், சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித்தான் ‘இந்திர மோகனா’ நாடகம் உருவாகி 1924இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ இதழைக் கையில் எடுத்து, பல்லாண்டுகள் நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார் கோதைநாயகி. இலக்கிய வரலாறு அவரையே ‘ஜனரஞ்சகம்’ என்று ஒரு வரியில் கடந்துபோகும். பட்டம்மாளுக்கு அந்த ஒரு வரிக்குள்ளும் அரை வரிதான். அவருக்கு என்ன பிடிக்கும், சொல்லச் சொல்ல எழுதும்போது எங்காவது ‘இது வேண்டாம்’ என்றாரா, தனக்கென்று ஒரு கதை வைத்திருந்தாரா? அழகிரிசாமியின் கடிதங்களைப் போல இந்த இருவரின் பேச்சும் நமக்குக் கிடைத்திருந்தால் தமிழ் நாவலின் வரலாற்றையே வேறு இடத்திலிருந்து தொடங்கலாம்.

வங்காளத்தில் ராஸ்சுந்தரி தேவிக்குப் பட்டம்மாள்கூட இல்லை. ‘சைதன்ய பாகவத’ ஏட்டில் ஒன்றைக் கழற்றி அடுப்படியில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தானே படிக்கக் கற்றார். 1876இல் அவர் தன்வரலாறு ‘ஆமார் ஜீபன்’ அச்சில் வந்தது. அந்தப் பெண்ணின் வாசிப்பு இலக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு ஏடு. யாரும் அதைச் சின்ன இலக்கு என்று சொல்ல மாட்டோம்.

தமிழாசிரியர் என்பதால் சங்க இலக்கியத்தின் தோழியிடம் போகாமல் இருக்க முடியவில்லை. அகப்பாடல்களில் அதிகம் பேசுகிறவள் அவள். தலைவி மெலிந்தால் காரணம் சொல்வாள், தலைவனை வெளியே நிறுத்திக் கேள்வி கேட்பாள், வெறியாடலை நிறுத்துவாள், அறத்தொடு நிற்பாள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. அவளுடைய இடம் வீட்டின் உள்ளேதான், ஆனால் வீட்டுக்குச் சமமாக அல்ல. இவ்வளவு பேசுகிறவளின் சொந்தக் காதல் என்ன என்று ஒரு பாட்டிலும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தோழிக்குத் தோழி கிடையாது. ‘தோழி’ என்று நாம் இன்று பெண்ணியக் கூட்டங்களில் பாசமாகக் கூப்பிடும் சொல்லுக்குள் இந்த ஏற்றத்தாழ்வு ஊறிக் கிடக்கிறது. நான் படித்ததைக் கேட்க, கவிதையின் முதல் பிரதியைக் கேட்க, தலையாட்ட எனக்கு ஒரு தோழி இருந்தாள். அவளுக்கு நான் யாராக இருந்தேன் என்பதுதான் அந்த டிசம்பர் மதியத்தில் வந்த கேள்வி.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பள்ளி நாட்களிலிருந்து அவள் ரமணிசந்திரன் வாசகி. நான் பட்டியல் போட்டதில் பாதி, அவளை அதிலிருந்து மீட்கத்தான். ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் பேசி 1984இல் ஒரு நூல் எழுதினார். அந்த நாவல்களுக்குள் இருக்கும் ஆணாதிக்கத்தை அவர் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குப் புத்தகத்தைத் திறப்பது என்ற செயலே ‘இப்போது என்னைக் கூப்பிடாதே’ என்று குடும்பத்துக்குச் சொல்வதாக இருந்தது என்பதைக் கண்டுகொண்டார். இந்த நூலை நான் ஆய்வு மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் தோழி ராத்திரி ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திண்ணையில் ரமணிசந்திரனோடு உட்கார்வதை மட்டும் அதோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. ரமணிசந்திரனின் கதாநாயகர்கள் மீது எனக்கு இப்போதும் கோபம்தான். அந்தத் திண்ணையின் மேல் எனக்கென்ன கோபம்?

சரி, அவள் படித்த அந்த ஒரு புத்தகம். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே போய்ப் பார்த்து, கேட்டு, 1979இல் அவர் எழுதிய நாவல். உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னாச்சியின் கதை. என் பட்டியலில் ஆடி மாதத்துக்கு நேரே இருந்தது. அவள் ஆடியில் எடுத்து மார்கழியில் முடித்தாள். ஆறு மாதம் ஏன் ஆனது என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் மாமியார் வைப்பாற்றுப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் உப்பளத்தில் நின்றவர். எழுத்துத் தெரியாது. ஒருநாள் ராத்திரி இவள் வாய்விட்டு இரண்டு பக்கம் வாசிக்க, உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து இவள் வாசிப்பது, அவர் கேட்பது. வாசிப்பு நாலு வரி போவதற்குள் கிழவி நிறுத்துவார். வெயிலில் உப்புப் பாத்தி கண்ணை எப்படிக் கூசும், காலில் வெடிப்பு எப்படி விழும், அதற்கு எதைத் தடவுவார்கள், மேஸ்திரி எங்கே நிற்பான். அடுத்த நாள் களையெடுக்கும்போது வந்து, “பொன்னாச்சிக்கு அப்புறம் என்னாச்சு தாயி?” என்று கேட்பாராம். பக்கத்து நிரையில் இருந்த இரண்டு பெண்களும் கேட்க ஆரம்பிக்க, காட்டிலேயே கதை ஓடியிருக்கிறது. மாமியார் நாவலில் ஒப்புக்கொள்ளாத இடங்களும் உண்டு. “அந்தம்மா பாத்துட்டுப் போனவுக, நாங்க நின்னவுக” என்றாராம்.

உப்பள நாவலைப் பற்றி நான் ஒரு கருத்தரங்கில் பன்னிரண்டு பக்கக் கட்டுரை வாசித்திருக்கிறேன். அதில் கள ஆய்வு, யதார்த்தவாதம், வர்க்கம், பாலினம் எல்லாம் இருந்தன. வெளியிலிருந்து போய்ப் பார்த்து எழுதுகிறவரின் கண்ணுக்கும் பாத்தியில் நின்றவரின் காலுக்கும் இடையிலுள்ள தூரம் அதில் இல்லை. நான் முடித்த 41 புத்தகங்களில் என்னால் இன்று நாலு வாக்கியம் சொல்ல முடிந்தவை ஏழெட்டுத் தேறும். இதைத் தன்னிரக்கமாகச் சொல்லவில்லை. வேகமாக, நிறையப் படிப்பது என் தொழில்; அதில் எனக்கு ருசியும் உண்டு; பெண் நிறையப் படிக்கக் கூடாது என்று சொல்லத்தான் ஊரே இருக்கிறதே, நானும் சேர வேண்டாம். ஆனால் ‘ஒன்று’ என்று நான் எழுதிவைத்த இடத்தில் நாலு பெண்களும் ஒரு காடும் ஆறு மாதமும் இருந்திருக்கின்றன. என் கணக்கு நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். வேலை முடிந்து வந்த பெண்கள் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியதை இருவரும் பார்த்திருக்கிறோம். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு புத்தகங்கள் கிராமங்களுக்கு வந்தன. ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்ட அந்த வட்டம் இயக்கத்தோடு போய்விட்டது என்றுதான் நான் எழுதியும் பேசியும் வந்தேன். உளுந்துச் சுளகைச் சுற்றி அது இருந்திருக்கிறது.

அன்றைக்கு டைரியில் அவள் எழுதியதைச் சொல்லிவிடுகிறேன். தேதிப்படி எழுதவில்லை, வெள்ளாமைப்படி எழுதினாள். வத்தல் பறிப்பு நடக்கும் மாசியும் பங்குனியும் வெறுமையாக விடப்பட்டன. சித்திரையிலிருந்து ஆடி வரை காட்டு வேலை குறைவு, அங்கேதான் புத்தகங்கள். முதலில் ‘கன்னிமை’, நான் சொன்னதைக் கேட்டதிலிருந்து நாச்சியாரம்மா மேல் அவளுக்கு ஒரு சந்தேகம், மாமியாரிடம் வாசித்துக் காட்டித் தீர்ப்புக் கேட்க வேண்டுமாம். அடுத்து பூமணியின் ‘வெக்கை’. அதற்கடுத்து ‘கருக்கு’, போன வருஷம் நான் போட்டதுதான், ஆனால் இந்த முறை அவளாகவே கேட்டாள். ஒரு ரமணிசந்திரன், “நீயும் படிக்கணும், சும்மா திட்டக் கூடாது” என்ற நிபந்தனையோடு. ஐந்தாவது இடத்தில் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறாள்.

எனக்கும் தனியாக ஒரு வரி எழுதினாள்: மாதம் ஒரு ஞாயிறு காட்டுக்கு வந்து சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்குச் சத்தமாக வாசிக்கக் கூச்சம், வகுப்பில்கூட மாணவிகளைத்தான் வாசிக்கச் சொல்வேன் என்றேன். “அப்ப கல்லு பொறுக்கு” என்றாள்.

எல்லாம் எழுதி முடித்து டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். பெயர், முகவரி, இரத்த வகை என்று அச்சடித்திருந்த இடம். பெயருக்கு நேரே தன் பெயரை எழுதியிருந்தாள். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தாள். எழுதினேன்.

மினி பஸ் நாலரைக்கு. டைரியைப் பையில் போட்டுக்கொண்டு, நான் எடுத்து வைத்திருந்த ‘கன்னிமை’ உள்ள தொகுப்பையும் வாங்கி அதன்மேல் வைத்தாள். தை மாதத்துக்கு நேரே புத்தகம் எதுவும் இல்லை. மக்காச்சோளம் ஒடிக்கணும் என்று மட்டும் எழுதியிருந்தது.